கழுவினால் போகும் நீலம்

என் கடைக்குப் பேனா வாங்க வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பேனாவே வேண்டாம். சட்டைப் பையில் கிளிப் மின்ன வேண்டும், அவ்வளவுதான். "எது பளபளன்னு இருக்கோ அதை எடுங்க" என்பார்கள். எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுவேன். மூடியைத் திறந்து நிப்பைக்கூடப் பார்க்காத மனிதனிடம் பேசி என் தொண்டையை ஏன் வறட்டிக்கொள்ள வேண்டும்?

உக்கிரபாண்டி வந்த முதல் நாள், பேனாவின் உடம்பை அவன் பார்க்கவே இல்லை. எழுமலைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர்க்காரன். புஞ்சையில் பருத்தியும் சோளமும் போடுகிறவன். மடித்துக் கட்டிய வேட்டியோடு டவுன் ஹால் ரோட்டில் என் கடை முன்னால் நின்று, "நிப்பு மட்டும் பாக்கலாமாண்ணே?" என்றான். என்னைவிட ரொம்ப இளையவன். அதனால் அவன் என்றே சொல்கிறேன், மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நிப் டப்பாவை எடுத்து வைத்தேன். ஒவ்வொன்றையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நடுப்பிளவு நேராக இருக்கிறதா என்று பார்த்தான். பிறகு மை தொடாமல் காகிதத்தில் வறட்டாக ஓட்டி, காதைத் தாழ்த்திக் கேட்டான். "இது கத்துதுண்ணே, வேணாம்." அடுத்தது. "இது நல்ல நிப்புதான், ஆனா இங்கிலீசுக்குச் செஞ்சது. மேலயும் கீழயும் ஓடுது, சுழிக்கிற எடத்துல முரண்டு பிடிக்குது." மையில் தொட்டு ஞ, ழூ, ணி என்று மூன்று எழுத்தை மாற்றி மாற்றி எழுதினான். டப்பா முழுவதும் மேஜைமேல் வந்துவிட்டது. கடைசியில் ஒன்றும் பிடிக்கவில்லை என்று எழுந்தான்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், அது ஊருக்கே தெரியும். "யோவ், பொண்ணு பார்க்க வந்தியா, நிப்பு வாங்க வந்தியா? போய்யா!" என்று கத்தினேன். அவன் சிரித்துக்கொண்டே போனான். ஆனால் அவன் எழுதிவிட்டுப் போன காகிதத்தை நான் கசக்கிப் போடவில்லை. அப்படி ஒரு எழுத்து! ஒவ்வொரு சுழியும் முட்டை உடையாமல் உருட்டி வைத்தாற்போல் இருந்தது. நாங்கள் பட்டுநூல்காரர்கள், வீட்டுப் பேச்சு வேறு பாஷை. வீட்டில் எல்லோரும் தறிக்குப் போக, நான் ஒருவன் பேனா விற்க வந்தவன். இத்தனை வருஷம் பேனாவோடு கிடந்தும் என் எழுத்து கோழி கிண்டினது மாதிரிதான் இருக்கும். பெண்டாட்டி சூடாமணிக்குக்கூட என் எழுத்தைப் படிக்க வராது. அதனால் நல்ல எழுத்தைப் பார்த்தால் எனக்குப் பொறாமையும் வரும், பிரியமும் வரும்.

அவன் திரும்பி வந்தான். சில மாதத்துக்கு ஒருமுறை வருவான். கறுப்பு எபனைட் பேனா ஒன்றை ரொம்ப நாள் பழக்கத்துக்குப் பிறகு வாங்கினான். மைதான் அவனுக்குப் பெரிய சங்கதி. ஆபீஸ்களில் கரைக்கும் பொடி மையைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. "அது நிப்பைத் தின்னுரும்ணே" என்பான். அவனுக்குப் பிடித்தது வாஷபிள் நீலம். துணியில் பட்டாலும் தண்ணீரில் அலசினால் போய்விடும் மை. நிப்பில் படியாது, அடைக்காது, காகிதத்தில் அந்திக்கு முந்தின வானம் மாதிரி இருக்கும். "இதுல கணக்கு வழக்கு எழுதாதே, நனைஞ்சா போச்சு" என்று புட்டி கொடுக்கும்போதெல்லாம் சொல்லியிருக்கிறேன். "கணக்கு எழுத எனக்கு என்ன இருக்கு, அழகுக்குத்தான்" என்பான்.

ஏன் இவன் நினைத்தபோது வருவதில்லை என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. ஒருநாள் அவனே சொன்னான். அவன் ஊர்ப்பக்கம் அவன் சாதியில் பிறந்த ஆண்பிள்ளை எல்லோரையும் திருடர் என்று சர்க்கார் பதிந்து வைத்திருந்தது. ரேகைச் சட்டம் என்பார்கள். திருடியிருக்க வேண்டியதில்லை, பிறந்திருந்தால் போதும். அன்றாடம் பொழுது சாய்ந்ததும் சாவடிக்குப் போய்ப் பெருவிரலை மசியில் ஒற்றிப் பதிக்க வேண்டும். வெளியூர் போவதானால் கிராம முன்சீப்பிடம் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். அதிலும் பெருவிரல் பதிக்க வேண்டும். போன ஊர் ஸ்டேஷனில் சீட்டைக் காட்டிக் குறிப்பு எழுதி வாங்கிக்கொண்டு, அன்றே திரும்ப வேண்டும்.

"நீ எழுதுற எழுத்துக்கு உன்கிட்டப் பெருவிரலா கேக்குறான்?" என்று நான் குதித்தேன். "கையெழுத்துப் போடுறேன்னு கேட்டுப் பாத்தேண்ணே. இதுல எழுத்துக்கு எடம் கெடையாதுன்னுட்டாங்க" என்றான். குரலில் சண்டையே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம், சித்திரை. அன்று உச்சிப்பொழுதுக்கு உக்கிரபாண்டி தொப்பலாக நனைந்து வந்து நின்றான். செக்கானூரணிக்குப் பக்கத்தில் பஸ் படுத்துவிட்டதாம். கோடைமழை கொட்டக் கொட்ட எல்லோரும் இறங்கித் தள்ளினார்களாம். தலையில் தண்ணீர் சொட்டுகிறது, முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அண்ணே, அடுத்த மாசம் என் பேரை எடுத்துர்றாங்க!" என்றான்.

அவன்மேல் வருஷக்கணக்காக ஒரு புகாரும் இல்லை, பஞ்சாயத்தும் நல்லபடி சொல்லிவிட்டது. பெரிய அதிகாரி வந்து பதிவிலிருந்து பெயரை நீக்கப் போகிறார். அதுவரை எந்த ஸ்டேஷனிலும் அவன் பெயரில் ஒரு வரி விழக்கூடாது. விழுந்தால் எல்லாம் போச்சு, பழையபடி பெருவிரல்தான். இவன் அந்த நாளுக்கு ஒரு நிப் எடுக்க வந்திருக்கிறான். "அன்னைக்காவது எங்கயாவது கையெழுத்துப் போடச் சொல்வாங்கல்ல? அதுக்குத்தான்."

அன்று நான் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் டப்பா டப்பாவாக எடுத்து வைத்தேன். வெளிச்சத்தில் பார்த்தான், காதில் கேட்டான், மூன்று எழுத்தையும் எழுதினான். முனையைக் கொஞ்சம் சாய்வாக வெட்டிய ஒரு தங்க நிப். அதை மாட்டி ஞ எழுதியதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "இதாண்ணே" என்றான். அவன் எழுதியதைப் பார்த்தேன். சுழியில் மெலிந்து, இறக்கத்தில் தடித்து, எழுத்து தானாக மூச்சு விட்டது. இப்படி ஒரு நிப் என் டப்பாவிலேயே கிடந்ததா என்று எனக்கே தெரியாது.

பிறகுதான் மடியில் இருந்த சீட்டை உலர்த்தலாம் என்று எடுத்தான்.

ஈரக் காகிதத்தைப் பதமாகப் பிரித்தான். உள்ளே எழுத்தே இல்லை. நீலமாக ஒரு கலங்கல், முன்சீப்பின் முத்திரை இருந்த இடத்தில் ஊதாக் கறை. அடியில் அவனுடைய பெருவிரல் ரேகை மட்டும் கன்னங்கரேல் என்று அப்படியே இருந்தது. அது எண்ணெய் மசி, மழைக்கு அசையாது.

"என்னய்யா இது? முன்சீப்பு ஆபீஸ் மையிலதானே எழுதுவாரு? அது கரையாதே!"

"நாந்தாண்ணே என் பேனாவைக் குடுத்தேன்" என்றான்.

நல்ல பேனா வைத்திருக்கிற எவனுக்கும் உள்ள வியாதி அது. இன்னொருத்தன் கையில் கொடுத்து, "எப்படி ஓடுது பாருங்க" என்று கேட்காமல் இருக்க முடியாது. முன்சீப் கட்டைப் பேனாவால் கீறிக்கொண்டிருந்ததைப் பார்க்கப் பொறுக்காமல், "எசமான், இதுல எழுதிப் பாருங்க" என்று நீட்டியிருக்கிறான். அவரும் ரசித்து முழுச் சீட்டையும் அந்த வாஷபிள் நீலத்திலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்.

சீட்டைக் காட்டாமல் பஸ் ஏறினால் ஓடிவந்தவன் என்று பிடிப்பார்கள். வெறும் காகிதத்தைக் காட்டினால் சீட்டில்லாமல் வந்தவன் என்று உட்காரவைப்பார்கள். இரண்டிலும் பெயரில் ஒரு வரி விழும்.

நான் கதவை ஒருக்களித்துச் சாத்தினேன். "முன்சீப்பு எழுத்து உனக்கு அத்துப்படிதானே? இதே காயிதத்தைக் காயவச்சு நீயே எழுதிரு. எவனுக்குத் தெரியப் போகுது?"

அவன் ஒரு துண்டுக் காகிதத்தை இழுத்து முன்சீப்பின் கையெழுத்தை ஒரே வீச்சில் போட்டான். அந்த மனிதரை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த அவசரத்தையும் கடைசி இழுப்பையும் பார்த்ததும் அப்படியே அவர்தான் என்று தோன்றிற்று. உக்கிரபாண்டியும் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு, நான் நிப் கழுவும் கிண்ணத்தில் அதை முக்கிக் கசக்கினான்.

"வேணாண்ணே. இப்பிடிச் செய்யிறவங்கன்னுதானே எங்களைப் பதிஞ்சு வச்சிருக்காங்க. அதை நானே செஞ்சு காட்டவா?"

"நல்லவனாட்டம் பேசாதேய்யா, உள்ளே போட்டா யாரு கேப்பா?"

"நடந்ததை நடந்தபடி எழுதிக் குடுக்கிறேன். எழுத்தைப் பாத்தா நம்புவாங்க. கரையாத மை குடுங்க."

கறுநீலப் பர்மனெண்ட் மையை நிரப்பிக் கொடுத்தேன். அவனுக்குப் பிடிக்காத மை. புது நிப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுதினான். மகாராஜராஜஸ்ரீ என்று தொடங்கி, மழையில் நனைந்தது, சீட்டின் மை கரைந்தது, முன்சீப்பைக் கேட்டால் உண்மை விளங்கும் என்று ஒரு பக்கம். ஒரு அடித்தல் கிடையாது. ஓரம் நூல் பிடித்தது மாதிரி நின்றது. நான் விற்ற பேனாக்கள் எல்லாம் சேர்ந்து எழுதியிருந்தாலும் அப்படி ஒரு பக்கம் வந்திருக்காது. அடியில் இடம் விட்டான். "கையெழுத்தை அங்க அவுக முன்னால போடுறேண்ணே" என்றான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் பயம் போய்விட்டிருந்தது. இந்த விண்ணப்பமே அவனைக் காப்பாற்றிவிடும் என்று எனக்கும் நம்பிக்கை வந்தது.

கடையைப் பூட்டிக்கொண்டு நானும் கிளம்பினேன். அவனைத் தனியாக அனுப்பிவிட்டு இங்கே உட்கார்ந்து கிளிப் மினுக்கச் சொல்கிறீர்களா? என்னால் ஆகாது.

ஸ்டேஷனில் ஏட்டு இருந்தார். மீசை நரைத்தவர், கத்துகிற ஆள் இல்லை. வெற்றுச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விண்ணப்பத்தை வாங்கி நிதானமாக வாசித்தார். முடித்துவிட்டு இன்னொரு முறை முதலிலிருந்து வாசித்தார். உக்கிரபாண்டி சட்டைப் பையிலிருந்த பேனாவில் கையை வைத்துக்கொண்டு, கையெழுத்துப் போட எப்போது சொல்வார் என்று காத்திருந்தான்.

"அருமையான எழுத்து" என்றார் ஏட்டு. உக்கிரபாண்டி லேசாகத் தலையைக் குனிந்தான்.

"போன மாசம் ஒருத்தன் இப்பிடித்தான் வந்தான். பழைய சீட்டை அலசிட்டு, மேல புதுத் தேதி போட்டு ஊர் ஊராச் சுத்தியிருக்கான். அவனும் எழுதத் தெரிஞ்சவன். எழுதத் தெரியாதவனுக்குச் சீட்டை அலசி என்ன ஆகப்போகுது? இம்புட்டுச் சுத்தமா எழுதுற கைக்கு முன்சீப்பு கையெழுத்து ஒரு பெரிய காரியமா?" ஏட்டு கண்ணை உயர்த்தினார். "இது உன் எழுத்தா?"

ஆமாம் என்றால் அன்று ராத்திரி அவன் உள்ளே. முன்சீப்புக்கு ஆள் போய், பதில் வந்து, விடுகிறபோது விடுவார்கள். அதற்குள் அவன் பெயரில் வரி விழுந்துவிடும். அடுத்த மாதமும் கிடையாது, அதற்கடுத்த வருஷமும் கிடையாது.

உக்கிரபாண்டி என்னை ஒரு தரம் பார்த்தான். பேனாவிலிருந்து கையை எடுத்தான்.

"இல்லீங்க எசமான். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க. இந்தக் கடைக்கார அய்யாதான் எழுதிக் குடுத்தாரு."

ஏட்டு அவன் சட்டைப் பையைக் காட்டினார்.

"பேனா வச்சிருக்கே?"

"எங்க ஊரு வாத்தியாரு பேனாங்க. நிப்பு மாத்தக் கொண்டாந்தேன். வாத்தியாரால மழையில வர முடியலீங்க." அவன் குரல் மாறிவிட்டது. தோளைக் குறுக்கி, துண்டைக் கக்கத்தில் இடுக்கி, நான் பார்த்தே இராத ஒரு ஆளாக நின்றான்.

ஏட்டு என் பக்கம் திரும்பினார். "அய்யா எழுதினதா இது?"

"ஆமா" என்றேன். அதற்குமேல் ஒரு வார்த்தை வந்தால் அழுதுவிடுவேன் போல் இருந்தது, இல்லாவிட்டால் அவரை அடித்துவிடுவேன்.

"அப்ப அடியில எழுதினவர்னு ஒரு கையெழுத்துப் போடுங்க."

செத்தோம் என்று நினைத்தேன். என் கோழிக்கிண்டலை அந்த எழுத்துக்குக் கீழே வைத்தால் குழந்தைக்குக்கூட விளங்கிவிடும். சட்டென்று இங்கிலீஷில் போட்டேன். ராஜாராம் என்ற பெயரில் ஒரு எழுத்தும் புரியாதபடி கிறுக்கி, கீழே ஒரு கோடு இழுத்தேன். ஏட்டு அதைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினார். இங்கிலீஷ் கையெழுத்து புரியாமல் இருந்தால்தான் பெரிய மனிதர் என்று அர்த்தம்போல.

"நீ விரலை வை" என்றார் அவனிடம். அவன் கையெழுத்துக்காக விட்டிருந்த இடத்தில் மசி தடவிய பெருவிரலை உருட்டி எடுத்தான். ஏட்டு சீட்டு ரேகையையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ரெண்டும் ஒன்னுதான். இது முன்சீப்பு குடுத்த சீட்டுதான். எழுதத் தெரியாதவன், உனக்கு என்ன தெரியும், பத்திரமா வச்சுக்கணும்ல?" என்று சொல்லிவிட்டு, "குறிப்பு எழுதித் தாரேன், அந்தப் பேனாவை இங்க குடு" என்று கையை நீட்டினார்.

உக்கிரபாண்டி கொடுத்தான்.

ஏட்டு கட்டைப் பேனாவில் பழகிய கை. காகிதத்தைக் குத்துகிற மாதிரி அழுத்தினார். தங்க நிப் இரண்டு பக்கமும் விரிந்து விரிந்து மூடுவது எனக்குத் தெரிந்தது. உக்கிரபாண்டியின் கழுத்து நரம்பு புடைத்தது. மெல்ல அழுத்துங்கள் என்று அவன் எப்படிச் சொல்வான்? எழுதத் தெரியாதவன் ஆயிற்றே. கடைசி வரியில் டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. நிப்பின் ஒரு கால் மற்றொன்றின்மேல் ஏறி நின்றது.

"என்னய்யா நிப்பு மாத்தினீரு, கீறுது" என்று ஏட்டு என்னைக் கடிந்துகொண்டு பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு விண்ணப்பத்தை இன்னொரு முறை எடுத்துப் பார்த்து, "ஆனா உங்க எழுத்து இருக்கே, கண்ணுல ஒத்திக்கலாம்" என்றார்.

உக்கிரபாண்டிதான் முந்திக்கொண்டு, "ஆமாங்க எசமான், அய்யா எழுத்து அச்சுக்கணக்கா இருக்குன்னு எல்லாரும் சொல்வாங்க" என்றான்.

வெளியே வந்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் எங்கள் வீட்டுப் பேச்சும் தமிழுமாகக் கலந்து கத்தினேன். "ஏன்யா அப்படிச் சொன்னே? உன் எழுத்துய்யா அது! எவனோ ஒருத்தன் என்னைப் பாத்துப் பல்லைக் காட்டுறான், நான் வாங்கிக்கிட்டு நிக்கிறேன்! எனக்கு எதுக்குய்யா அது?"

அவன் பெருவிரலைச் சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தான். மசி போகவில்லை. "கத்தாதீகண்ணே, உள்ள கேட்கப் போகுது. பொழுதுக்குள்ள போகணும், பஸ் போயிரும்" என்றான். பேனாவை என் கையில் வைத்தான். "இதைச் சரி பண்ணி வைங்க. அடுத்த தரம் வாரப்ப வாங்கிக்கிறேன்."

பஸ் புறப்படும்போது ஜன்னலில் தலையை நீட்டினான். கண் நிறைந்திருந்தது.

"அண்ணே, நல்லா வந்திருந்துச்சுல்ல, அந்த எழுத்து?"

"ஆமாய்யா" என்றேன். "அப்படி ஒன்னை நான் பார்த்ததில்லை."

அடுத்த மாதம் அவன் பெயரை எடுத்துவிட்டார்கள். பெயரை நீக்கியதற்கு அத்தாட்சியாக அங்கேயும் பெருவிரலைத்தான் வைக்கச் சொன்னார்களாம், வைத்துவிட்டு வந்தேன் என்று சொன்னான். பேனாவை வாங்கிக்கொண்டான், பிறகும் எத்தனையோ நிப் பார்த்தான், எழுதினான். ஆனால் அன்று எழுதிய பக்கத்துக்கு இணையாக ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை. ஒருமுறை ஸ்டேஷனுக்குப் போய் அந்த விண்ணப்பத்தைக் கேட்டுப் பார்த்தேன். சர்க்கார் காகிதம், தர முடியாது என்றுவிட்டார்கள். அது அங்கேதான் இருக்கிறது, ராஜாராம் எழுதியது என்று.